வயலுக்குப் போன சக்கர நாற்காலி

ஜெயபுரம்
12.01.2025

அன்புள்ள விமலாவுக்கு,

போனில் கதைத்தால் நாம் இருவரும் சண்டையில்தான் முடிக்கிறோம். ஆகவே எழுதுகிறேன். நீர் வயல் வரம்பில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்ததையும், ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததையும், இப்போது சக்கர நாற்காலியில் இருப்பதையும் மகள் கஜனி சொன்னாள். கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. மூன்று வருடமாக அண்ணர் வீட்டில் இருக்கிறேன் என்பதற்காக உம்மை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

தைப்பூசம் வருகிறது. புதிர் எடுக்க, புது நெல்லின் முதற்கதிரை வெட்டிவர, யார் வயலுக்குப் போவது? நான் வந்து முதற்கதிரை வெட்டித் தருகிறேன். வெட்டு மெசினையும் பிடித்து அறுவடையை முடித்துவிடலாம். அதன் பிறகு காணியைப் பக்கத்து வயல் விஜிதரனுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு நீர் இங்கே வந்துவிடும். இந்தக் காலோடு இனி உமக்கு எதற்கு வயல்?

உம்முடைய
தவராசா


கனகராயன்குளம்
19.01.2025

அன்புள்ள கஜனியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது, இரண்டாம் தரம் சிரிப்பு வந்தது. நான் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறேன் என்று யார் சொன்னது? நான் வீட்டில் இருப்பதே குறைவு. காலையில் கடைக்கு, பின்னேரம் குளக்கட்டு வரைக்கும். கிரவல் றோட்டில் கஜனி தள்ளுவாள், தார் றோட்டில் நானே உருட்டுவேன். கடைப்படி ஏற முடியாதென்று கடைக்காரரே வெளியே வந்து நல்ல தக்காளியாகப் பொறுக்கித் தருகிறார். இத்தனை வருடமும் அடியில் கிடந்த அழுகலைத் தந்த மனிசன்! நாய்களுக்குத்தான் இந்த நாற்காலியைக் கண்ணில் காட்டக்கூடாது. பார்க்க வருகிற சனம் கொண்டுவந்த பிஸ்கட்டில் ஒரு கடையே போடலாம்.

ஒரு குறைதான். என்னைக் கேட்க வேண்டியதை எல்லோரும் தள்ளுகிறவளிடம் கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கமலாசனி வழியில் மறித்து, "அம்மா இப்ப வடிவாச் சாப்பிடுறாவோ?" என்று கஜனியைக் கேட்கிறாள். நான் அவளின் முகத்துக்கு நேரே இருக்கிறேன். "ஓம், இனி உன்னையும் சேர்த்துச் சாப்பிடுவன்" என்றேன். அன்றைக்குப் பிறகு என்னோடுதான் கதைக்கிறாள்.

இனிக் காணி விசயத்துக்கு வருகிறேன். அது என் சீதனக் காணி. என்னைக் கேட்காமல் நீங்கள் அதைக் குத்தகைக்குப் பேசியதில்தான் இந்தப் பிரிவே வந்தது. இப்போது நீங்கள் வந்து முதற்கதிரை வெட்டினால், நாளைக்கே ஊர் குத்தகை கேட்டு உங்களிடம்தான் வரும். அது நடக்காது. இந்த முறை நானே வெட்டுவேன். தகடு வைத்தது காலுக்கு, கைக்கல்ல.

விமலேஸ்வரி


ஜெயபுரம்
27.01.2025

விமலாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுத மனம் வரவில்லை. நாற்காலியில் இருந்துகொண்டு புதிர் எடுத்ததை எங்கே கண்டீர்? வெறுங்காலோடு வயலில் இறங்கி, கிழக்குப் பார்த்து நின்றல்லவா வெட்ட வேண்டும்? அந்த வாய்க்கால் பாதை முழுவதும் மாட்டுக் குளம்படி. கவிழ்ந்து மற்றக் காலும் முறிந்தால் யார் பார்ப்பது? பூசத்தன்று முதல் பஸ்ஸில் வருகிறேன். நீர் சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி.

அப்படியும் பிடிவாதமாய்ப் போவதென்றால், நாற்காலியை முன்னுக்குத் தள்ள வேண்டாம். முன்னாலுள்ள சின்னச் சில்லுகள் மண்ணில் புதையும். திருப்பிவைத்துப் பின்பக்கமாக இழுக்கச் சொல்லும். விஜிதரன் அவசரக்காரன், மெதுவாக இழுக்கச் சொல்லும்.

தவராசா


கனகராயன்குளம்
13.02.2025

அன்புள்ள கஜனியின் அப்பாவுக்கு,

பூசத்தன்று நீங்கள் எங்களுக்கு முன்னமே வயலில் அரிவாளோடு நின்றதைக் கண்டேன். வெட்டிவிட்டீர்களோ என்று நெல்லைத்தான் முதலில் பார்த்தேன், உங்கள் முகத்தை அல்ல. விஜிதரன் தன் லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியிலிருந்து என்னை இறக்கி, நீங்கள் எழுதியபடியே பின்பக்கமாக இழுத்து வந்தான். மெதுவாக இல்லை.

வரம்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நாற்காலியில் இருந்தபடி என் கை கதிருக்கு எட்டாதென்று. "நீங்களே வெட்டுங்கோ" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குள் நீங்கள் குந்தி இருந்து, ஒரு பிடி நெல்லை என் மடிப்பக்கம் சாய்த்துப் பிடித்து, அரிவாளை என் கையில் தந்தீர்கள். "வெட்டும். உம்மட காணி, இனி உம்மட சொல்லுதான்" என்றீர்கள். அழுகை வந்தது. விஜிதரன் ஊர் முழுக்கச் சொல்லுவான் என்று அடக்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தை உங்களுக்குச் சொல்லவேயில்லை, அதுதான் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து கஜனி புத்தரிசியில் பொங்கினாள். படைத்து முடிய விஜிதரனையும் கமலாசனியையும் சாப்பிட அழைத்தேன். திரும்பிப் பார்த்தால் விறாந்தையில் உங்களைக் காணவில்லை. பஸ் ஏறிவிட்டீர்கள். நேற்று கஜனி போன் எடுத்தபோது, "கொம்மா எல்லாரையும் கூப்பிட்டவா, என்னை மட்டும் சாப்பிட வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை" என்றீர்களாம்.

ஓம், கூப்பிடவில்லை. அவர்கள் வந்த ஆட்கள், ஆகவே அழைத்தேன். வீட்டுக்காரரை யாராவது சாப்பிட வாருங்கள் என்று அழைப்பார்களா?

இந்தக் கடிதத்திலும் அழைக்கவில்லை. சனிக்கிழமை மூன்று பேருக்கு உலை வைக்கும்படி கஜனியிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
விமலா