பெட்டி மாறிப்போன கிட்டார்

என் வாலுத் தம்பிக்கு,

நீ போன பிறகு முதன்முறையாக நேற்று கை நமநமத்ததால், வாசிக்கலாமென்று பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்து, வழக்கம்போல் மடியில் கிடத்தினேன். வந்தது என் அலுமினியக் கிட்டார் இல்லை, உன் மரக்கிட்டார். போன மாதம் கோபத்தில் கிளம்பியவன் பெட்டியை மாற்றி எடுத்துப் போயிருக்கிறாய். வெளியே பார்த்தால் இரண்டு பெட்டியும் ஒன்றுதானே.

வாசித்தும் பார்த்தேன். உன்னுடையதில் கம்பிகள் நீளம். பழக்கத்தில் கம்பிகள்மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வைத்த இடத்திலெல்லாம் அபஸ்வரம். மரம் இழுத்துப் பாடுகிறது. என்னுடையது வெடுக்கென்று பேசும்; மேடை விளக்கின் சூட்டுக்கே சுருதி கலைந்துவிடும். "உன்ன மாதிரியேக்கா, சூடானா சுருதி போயிடும்" என்று கிண்டல் செய்வாயே.

ஞாயிற்றுக்கிழமை போனில், "தினமும் வாசிக்கிறேன்க்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றாய். பக்கத்திலிருந்து கேட்ட அம்மாவுக்கு அப்போதுதான் சோறு இறங்கியது. பெட்டி மாறியதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஒரு கம்பியைத் தொட்டிருந்தாலே, அது என் கிட்டார் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இனியும் திறக்க வேண்டாம். பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வா.

உன் அக்கா