எஸ்தரின் மூன்றாம் ஓலை

இன்று காலை மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டப் போய் முசுறுக் கூட்டில் கையை வைத்துவிட்டேன். சிவப்பு எறும்புகளிலேயே அது எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். இலையோடு இலையை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு, தொட்டவனைச் சும்மா விடாது. சட்டைக் கைக்குள் நாலைந்து ஏறிவிட்டன. நசுக்கியதும் அந்தப் புளித்த நெடி மூக்கில் ஏறியது. கொடியை அப்படியே போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்காதே. எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவனுக்கு எழுதாமல் இருக்கத் தெரியாது.

எழுதத் தெரிந்ததுதானே அன்று வினையாகப் போனது.

எழுபதுகளின் கடைசி. வெள்ளக்கடைக்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் காலம். நீ பாலவாடியில் கூலியாட்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மேல்பாதையில் நடந்தபடி ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். கீழ் வரிசையில் நம் சபை எஸ்தர் ஒரு கிளையை வளைத்திருக்கிறாள். முசுறுக் கூடு பிளந்து அவள் கழுத்தில் கொட்டிவிட்டது. அவள் போட்ட கூச்சல் கரடியூர் வரைக்கும் கேட்டிருக்கும். பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து சேலையை உருவினார்கள், ரவிக்கையைக் கிழித்தார்கள், குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அவள் மேல் ஊற்றினார்கள். கீழே மூட்டை ஏற்றும் ஆண்கள் நின்றதால் அந்தப் பக்கம் சாக்கை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். மேலே ஒரு பாதை இருப்பது யாருக்கும் நினைவில்லை.

நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் மேலிருந்தபடியே என் சால்வையையாவது எறிந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. நின்றேன்.

நான் எப்படி வளர்ந்தவன் என்று உனக்குத் தெரியும். உடம்பு என்றாலே பாவம் என்று பிரம்படியோடு கற்றுக்கொண்டவன். கட்டிய மனைவியையே வெளிச்சத்தில் நிமிர்ந்து பார்க்கக் கூசியவன். அதனால்தான் அன்று மனசுக்குள் கிளம்பிய அசிங்கத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதைத் தூக்கி எஸ்தர் தலையில் வைத்துவிட்டேன். சபைக்கு நான்தான் செயலாளர். அன்று மாலையே சேலத்திலிருந்த போதகர் ஐயாவுக்கு ஒரு கடுதாசி எழுதினேன். சபையின் அங்கத்தினரான ஒரு ஸ்திரீ வேலைத்தலத்தில் ஆடை களைந்து நின்றது ஆண்களைப் பாவத்தில் விழச் செய்யும் இடறலானது என்றும், பவுல் அப்போஸ்தலன் பெண்களுக்குச் சொன்ன நாணத்துக்கு விரோதமானது என்றும் வரிவரியாக எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அதில் எனக்குக் கர்வம் வேறு.

எஸ்தருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். புருஷனைச் சாகக் கொடுத்து ஐந்து வருஷம் தனியாக இருந்தவள். கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் லாரி ஓட்டும் ஒரு நல்ல மனிதர் அவளைக் கட்டிக்கொள்ள முன்வந்திருந்தார். நம் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது அந்த ஞாயிறு. சபை அவள் மேல் நடவடிக்கை எடுத்தால் ஓலை நின்றுவிடும். ஓலை நின்ற பெண்ணை, அதிலும் கைம்பெண்ணை, எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. ஆனாலும் எழுதினேன்.

எழுதியதை உனக்குப் படித்தும் காட்டினேனே, என்ன திமிர் எனக்கு! நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். நான் படித்து முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாய்:

“ஏனுங்க, எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“என்ன பேசற நீ? இது சபை விஷயம்.”

“சபை விஷயமாவே இருக்கட்டுங்க. முதுகுல தடிச்சதைக் கூட எழுதியிருக்கீங்க. அரை நொடி பாத்தவருக்கு அது தெரியாதுங்களே.”

வேதம் தெரிந்தவன் என்ற மிதப்பில் பவுலை எடுத்துப் போட்டேன். எட்டாவது வரை படித்த நீ அசரவே இல்லை. “இச்சையோட பாக்கறவன் தன் கண்ணைப் புடுங்கிப் போடட்டும்னு ஆண்டவர் சொன்னாருங்க. அவ சேலையை இழுத்து மூடிக்கிட்டு வரட்டும்னு சொல்லலீங்க. வைத்தியம் கண்ணுக்குத்தானுங்க” என்றாய். நான் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கடுதாசி சேலத்துக்குப் போனது.

அந்த ஞாயிறு ஐயா வந்தார். எஸ்தர் பெண்கள் பக்கம் பாயில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் இன்னும் வீங்கித்தான் இருந்தது. முதல் ஓலையையும் இரண்டாம் ஓலையையும் வாசித்த அன்று அவள் முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐயா ஓலையைக் கையில் எடுத்தார், பிறகு கீழே வைத்துவிட்டார். “இந்தச் சகோதரியைக் குறித்து ஒரு முறையீடு வந்திருக்கிறது” என்று என் கடுதாசியைப் பிரித்தார். யார் எழுதியது என்று சொல்லவில்லை. என் கையெழுத்தைத் தெரியாதவர் அந்தச் சபையில் யார் இருந்தார்கள்?

அப்போதுதான் நீ எழுந்தாய். பெண்கள் எழுந்து பேசும் வழக்கம் நம் சபையில் கிடையாது. ஐயாவுக்குத் துணையாக நின்ற உபதேசியார் உட்காரும்படி கை காட்டினார். நீ உட்காரவில்லை.

“ஐயா, ஒரு சந்தேகமுங்க. தாவீது ராஜா மாடியில உலாத்தறப்ப ஒரு பொம்பளை குளிக்கறதைப் பாத்தாரு. தீர்க்கதரிசி கண்டிக்க வந்தப்ப யார் ஊட்டுக்குப் போனாருங்க?”

உபதேசியார்தான் முந்திக்கொண்டு, “பார்க்கும்படி குளித்தது அவள் பிழையில்லையா?” என்றார்.

“அவ எங்க குளிச்சான்னு வேதத்துல இல்லீங்க. மாடியில நின்னது ராஜான்னு மட்டும் இருக்குதுங்க. தீர்க்கதரிசி விரலை நீட்டினதும் ராஜா முன்னாலதானுங்க. அவளை ஒரு வார்த்தை கேக்கலீங்க.”

சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாய். “ஏதேன் தோட்டத்துல ரெண்டு பேரும் ஒளிஞ்சுக்கிட்டப்ப, ஆண்டவர் தோல்ல சட்டை தெச்சுப் போட்டு உட்டாருங்க. தப்புப் பண்ணினவங்களுக்கே தெச்சுக் குடுத்தாரு. இவ என்ன தப்புப் பண்ணினாளுங்க? எறும்பு கடிச்சுது. நம்மள்ல யாராச்சும் ஒரு துணி கொண்டுபோய்க் குடுத்தமுங்களா?”

என் பக்கம் நீ திரும்பவே இல்லை. ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், அத்தனை பேர் கண்ணும் என் மேல் விழுந்திருக்கும். உனக்கு அது தெரியும். என்னை மறைத்து நின்றபடிதான் எஸ்தருக்காகப் பேசினாய். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“ஐயா, அந்தக் கடுதாசியைத் திருப்பிக் குடுத்துருங்க. எழுதினது நானுங்க. மேல்பாதையில நின்னு பாத்தனுங்க. போகாம நின்னு பாத்தனுங்க.”

ஐயா கடுதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் ஓலையை வாசித்தார். எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த வாரமே கல்யாணம் நடந்தது. நாம் இரண்டு பேரும் போனோம். அவள் எனக்கும் பந்தியில் இலை போட்டாள். அன்று நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

எனக்கு மூன்று மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் இல்லை என்று சபைக் கமிட்டி முடிவு செய்தது. செயலாளர் பதவியும் போயிற்று. முதல் மாதம் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனபோது, நீ எனக்காக உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தேன். நீ பாட்டுக்கு எழுந்து போய்விட்டாய். வழியில் கேட்டதற்கு, “தப்புப் பண்ணினது நீங்க, நான் எதுக்குங்க பட்டினி கிடக்கோணும்?” என்றாய். ஆனால் பீடத்திலிருந்து திரும்பியபோது பெண்கள் பக்கம் போகாமல், ஆண்கள் பக்கம் வந்து என் பெஞ்சில் என்னை ஒட்டி உட்கார்ந்தாயே, மூன்று மாதமும் அப்படித்தானே உட்கார்ந்தாய்! அந்தப் பெஞ்சில் எனக்கு இருந்த பெருமை செயலாளர் நாற்காலியில் ஒருநாளும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டிலும் எவ்வளவோ மாறிவிட்டது. கூச்சப்பட்டு நான் முகத்தைத் திருப்பினால், “ஏதேன்ல எல்லாம் பட்டப்பகலுங்க” என்று சிரிப்பாய். கடைசி மாதங்களில் உன்னால் எழ முடியாதபோது நான்தான் உன்னைத் துடைத்து உடுத்திவிட்டேன். உனக்கும் வெட்கமில்லை, எனக்கும் வெட்கமில்லை. எலும்பும் தோலுமான அந்த உடம்பை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை என்று சொன்னேன். பொய் சொல்லாதீங்க என்றாய். பொய்யில்லை.

உன் அடக்க ஆராதனையில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். இப்போதிருக்கும் போதகர் சின்ன வயசுக்காரர், மலைக்குப் புதிது. நல்ல மனதோடுதான் பேசினார். நீ நாணமும் அமைதியும் உள்ள சகோதரி என்றும், சபையில் ஒருநாளும் சத்தம் உயர்த்தாதவள் என்றும் சொன்னார். எல்லாப் பெண்களுக்கும் அதைத்தானே சொல்கிறார்கள். நான் எழுந்து நின்றேன். எழுபதை நெருங்கும் காலத்தில் முழங்கால் வலியோடு, உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மேல்பாதையைச் சொன்னேன், கடுதாசியைச் சொன்னேன், நீ கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் சொன்னேன். எஸ்தரும் அவள் புருஷனும் அங்கே இருந்தார்கள். “ஆமாங்க, அந்தக்கா பேசினதாலதான் எனக்கு ஓலை வாசிச்சாங்க” என்று அவள் உரக்கச் சொன்னாள்.

சபையில் என்னைப் பார்க்கிற இளசுகளுக்கு இனி முதலில் நான் நின்று பார்த்ததுதான் ஞாபகம் வரும். வரட்டும். நீ எழுந்து நின்ற கதையைச் சொல்ல என் கதையையும் சேர்த்துச் சொல்லாமல் முடியாது. அதைச் சுமக்க எனக்குக் கனமாக இல்லை.

நம் மகளுக்கு அன்றுவரை எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே கேட்டாள்: “ஏனுங்கப்பா, அத்தனை பேரு முன்னால உங்க மானத்தை நீங்களே வாங்கிக்கிட்டீங்களே?”

“என் மானம் போனாப் போகுது கண்ணு” என்றேன். “உங்கம்மாளை அமைதியானவன்னு சொல்லிப் பொதைக்க உட்டுருவனா நானு?”