பனி பூத்த சுவர்

பருத்தித்துறை,
16.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் நிவேதனாவும் மாமியும் சுகம். நீங்களும் சுகமென்று இனி எழுதினால் நம்பமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் கதைக்கத் தொடங்கினால் அழுகைதான் வரும். லீவில் வந்த கொலின்ஸ் அண்ணை புதன்கிழமை கனடாவுக்கு, உங்கள் வின்னிபெக்குக்கே திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

மாமிக்குச் சீனி வருத்தம் மட்டுக்கு வந்துவிட்டது. கடல் இரண்டு கிழமையாய்க் கொந்தளிப்பு, நல்ல மீன் கண்ணிலும் காணவில்லை. விசா மெடிக்கலுக்கு மகளையும் என்னையும் கொழும்புக்கு வரச்சொல்லியிருப்பதை மகள் உங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

மகள் சொல்லியிருப்பாள் என்று எழுதக் கூச்சமாய் இருக்கிறது. மார்கழியிலிருந்து நான் உங்களோடு கதைக்கவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாளும் நீங்கள் கமராவைத் திருப்பி அறையைக் காட்டியதில்லை. கேட்டால் வெளிச்சம் காணாது என்பீர்கள். ஊரில் இரண்டு பேர் கதைத்தது என் காதிலும் விழுந்தது. அங்கை வேறை ஆரும் இருக்கினமோ என்று மார்கழியில் அன்று கேட்டுவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தீர்கள். அதை நான் ஓம் என்றே எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் வீடியோ வந்தது. நிவேதனா பள்ளிக்கூடத்தால் வந்து, சீருடையோடே குசினிக்குள் கொண்டுவந்து காட்டினாள். முதல் பாதி, வீட்டுக்கார ஆழ்வாப்பிள்ளைக்குக் காட்டவென்று போன வருடம் எடுத்ததாம். நிலத்துக்குக் கீழே கட்டி முடியாத அறை, வெறும் கொங்கிறீற் சுவர், அதோடு ஒட்டி உங்கள் கட்டில். சுவரெல்லாம் வெள்ளை. இங்கே கடற்கரை வீடுகளில் போல உவர் பூத்திருக்கிறதாக்கும் என்று நினைத்தேன். நீங்கள் நகத்தால் சுரண்டினீர்கள். ஐஸ். பிறகு சுவரோடு ஒட்டிக்கிடந்த போர்வையைப் பிடித்து இழுத்தீர்கள். சீலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதை எத்தனை தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேனோ தெரியாது. அந்தச் சுவரோரம் இருந்துகொண்டா ஆறு வருடமும் நல்லாய் இருக்கிறன் என்றீர்கள்?

மற்றப் பாதி இந்த வருடம். சாமானை ஆழ்வாப்பிள்ளை வாங்கித்தர, சுவருக்கு மறைப்புக் கட்டுகிற வேலை முழுக்க நீங்கள் தனியே செய்திருக்கிறீர்கள். இங்கே ஒரு ஆணி அடிக்கப்போய் விரலில் அடித்த மனிசன்! முதலில் சுவரோடு ரெஜிபோம், அந்த வெள்ளை நுரைப் பலகை, மூட்டெல்லாம் ஒட்டுநாடா. அதன் முன்னால் மரச்சட்டம். சட்டங்களுக்கிடையில், திருவிழாவில் விற்கிற தும்புமுட்டாஸின் ரோசா நிறத்தில் கண்ணாடிப் பஞ்சு. அரிக்குமென்று முகமூடியும் நீட்டுக்கைச் சட்டையும் போட்டு நிற்கிறீர்கள். நிருஷன் தம்பி மீனுக்கு ஐஸ் போடுகிற பெட்டியும் ரெஜிபோம்தான். அது குளிரை வெளியே விடாது, உங்களுடையது உள்ளே விடாது. கையில் எடுத்தால் பாரமே தெரியாத ஒரு சாமான், ஒரு நாட்டின் குளிரை மறித்து நிற்கிறதே!

கடைசியில் வெள்ளைச் சுவர். முகட்டோரச் சின்ன யன்னலை ஸ்னோ பாதிக்கு மூடியிருக்கிறது. வெளியே சைபருக்குக் கீழே முப்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டு, சாரத்தோடும் பெனியனோடும் வெறுங்காலில் நிற்கிறீர்கள், சுவரில் உள்ளங்கையை வைத்தபடி. அப்பா எங்கடை வீட்டிலை நிக்கிற மாதிரியல்லோ நிக்கிறார் என்றாள் நிவேதனா. மாமி கையெடுத்துக் கும்பிட்டா. சந்நிதியில் திரை விலகும்போது நிற்பதுபோல நான் அடுப்படியில் நின்றேன். பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

நான் கேட்ட அன்று நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது விளங்குகிறது. அந்தச் சுவரைக் கண்டால் நாங்கள் வரப் பயப்படுவோம் என்று நினைத்திருக்கிறீர்கள். நான் வேறு எதையோ நினைத்தேன். அதற்கு மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கமாட்டேன், நேரில்தான் கேட்கவேண்டும்.

மெடிக்கல் இருபத்தெட்டாம் திகதி. அதன்பிறகு அழைப்பு எப்போது வருமோ, முருகனுக்குத்தான் தெரியும். அங்கே வந்ததும் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன், மாட்டேன் என்று சொல்லாதேயுங்கோ. கட்டிலை எந்தப் பக்கம் போட்டாலும், சுவர்க் கரையில் என்னைப் படுக்க விடுங்கோ.

உங்கள்
சுபாஜினி