கிரேனிலிருந்து இறக்கியவள்

மார்ச் 3

அக்கா,

நலம் விசாரிக்க மனமில்லை. போன வாரம் மேலாளர் கூப்பிட்டு உன் கடிதத்தைக் காட்டினார். "என் தங்கை நான்கு மணி நேரம்தான் தூங்குகிறாள், புகை பிடிக்கிறாள், ரத்த அழுத்த மாத்திரையைத் தொடுவதில்லை. எங்கள் அம்மா மறதி நோயில் போனவர். இவளைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றுங்கள்."

அவர் மாற்றவில்லை. கிரேனிலிருந்தே இறக்கிவிட்டார். மூளைப் பரிசோதனை முடியும்வரை கிடங்கில் மேசை வேலை. பதினொரு வருடமாகக் கப்பலில் ஒரு கீறல் விழாமல் கன்டெய்னரை இறக்கி வைத்தவள், இப்போது கையுறை எடுத்துக் கொடுக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஃபோர்மேன் தட்டோடு வந்து, "என்னம்மா, இன்னிக்கு என்ன கிழமை, சொல்லு பாப்போம்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீயும் வந்து சிரி.

சின்னு

மார்ச் 10

அன்புள்ள சின்னு,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆறு வருடமாக உனக்குத்தானே எழுதினேன்? நட, சிகரெட்டை விடு, உப்பைக் குறை, தூங்கு, நாலு பேரோடு பழகு, அழுத்தமும் சர்க்கரையும் பார். இதெல்லாம் செய்தால் அந்த நோய் வரவே வராது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வாய்ப்பு குறையும் என்றார்கள். குறைந்தால் போதாதா? நீ பதிலில் என் பூனையை மட்டும் விசாரிப்பாய்.

கடைசி வருடம் அம்மா என்னை அடையாளம் தெரியாமல் என்னிடமே, "டீச்சர், எம்பொண்ணு எப்ப வருவா?" என்று கேட்டாள். நீ ஷிஃப்டில் இருந்தாய். அப்படி ஒரு கேள்வியை உன் வாயிலிருந்தும் கேட்க என்னால் முடியாது. வேலை போனால் போகட்டும்.

உன் அக்கா

மார்ச் 24

அக்கா,

பரிசோதனையில் தேறிவிட்டேன். கடிகாரம் வரையச் சொன்னார்கள், மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். மூளைக்கு ஒன்றுமில்லை. அழுத்தம்தான் 160-க்கு 100. "இத வச்சுக்கிட்டா அவ்ளோ உயரம் ஏறுனீங்க?" என்றார் டாக்டரம்மா. வெட்கமாகிவிட்டது. மாத்திரை போடுகிறேன். பகல் ஷிஃப்டில் கிரேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சிகரெட்டைத் தொட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அந்த எரிச்சல்தான் என்று நினைக்காதே. இது உனக்கென்றே வைத்திருக்கும் கோபம்.

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நம் வீட்டு நோயை அந்நியன் மேசையில் கொண்டுபோய் வைத்தாயே!

நேற்று அத்தானிடம் பேசினேன். அம்மா போனதிலிருந்து நீ ஒரு டாக்டரையும் பார்த்ததில்லையாம். "கேட்டா புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு உள்ள போயிடுறா" என்றார். பள்ளி நூலகத்தில் நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவளா எனக்கு நடக்கச் சொல்லித் தந்தாய்? உன் அழுத்தத்தைப் பார். அதுவரை உன் உறை எதையும் பிரிக்க மாட்டேன்.

சின்னு

ஏப்ரல் 2

சின்னு,

தபால் அட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டால்தான் தப்பிப்பாய்.

172-க்கு 104. மூன்று தடவை பார்த்தார்கள். மாத்திரை தொடங்கியாயிற்று.

இத்தனை நாள் டாக்டரிடம் போகாதது சோம்பலால் அல்ல. உன்னைவிட ஒன்பது வயது மூத்தவள், அம்மா ஜாடை வேறு. அம்மாவின் நோய் எனக்குத்தான் முதலில் வரும் என்று முடிவே கட்டிவிட்டேன், பிறகு டாக்டர் எதற்கு? அப்போது என்னைப் பார்த்துக்கொள்ள நீயாவது தெளிவாக இருக்க வேண்டுமே என்றுதான் உன்னைத் துரத்தினேன். உனக்காக என்று சொன்னதில் பாதி பொய்.

மேலாளருக்கு எழுதியது தப்பு.

இதை உன் தெருத் தபால்காரரும் படிப்பார். படிக்கட்டும்.

அக்கா