திருப்திக்கு ஒன்றாம் நம்பர்

கடப்பாக்கம்
18-7-1975

அன்புள்ள மகன் தணிகைவேலுக்கு அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். பம்பாயில் நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, சுகமில்லை என்று நீயே நாலு பக்கம் எழுதிவிட்டாய். விமானக் கம்பெனியில் மேனேஜர், ஏ.சி. ரூம், இருந்தும் வேலையில் திருப்தி இல்லை, மழையில் விமானம் தாமதமானால் பிரயாணிகள் உன்னைத்தான் திட்டுகிறார்கள் என்கிறாய். முப்பது வருடமாக மீன் ஏலத்தில் நான் வாங்காத திட்டா. எனக்குத் திருப்தியா என்று யாரும் தாள் அச்சடித்துக் கேட்கவில்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் எழுத வந்தேன். மேனேஜர்களுக்குக் கம்பெனி கொடுத்த கேள்வித்தாள், உண்மையை எழுதினால் மேலதிகாரி முறைப்பார், பொய் எழுத மனம் வரவில்லை, நீங்களே பாருங்கள் என்று அனுப்பியிருந்தாய். பார்த்தேன். உன் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று நானே நிரப்பி, உன் பெயரைப் போட்டு, அடியில் இருந்த விலாசத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூடம் போகாமல் அகராதி வைத்துக் கற்ற இங்கிலீஷ் எனக்குப் போதும். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் நம்பர் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒன்று போட்டேன். நம் ஏலத்தில் ஒன்றாம் நம்பர் வஞ்சிரம், ஐந்தாம் நம்பர் கருவாட்டுக்குப் போவது. நேற்று மோசஸ் வாத்தியாரிடம் சொன்னால் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னா அண்ணாத்த பண்ணிட்டு வந்துகீறே, அதுல அஞ்சுதான் ஒசத்தி, ஒண்ணுன்னா துளிகூடத் திருப்தி இல்லேன்னு அர்த்தம் என்கிறார். அதிலிருந்து உன் அம்மா என்னோடு பேசுவதில்லை. வூட்ல கீற மேனேஜருக்கு எத்தினி நம்பர் போடலாம்னு வாத்தியாரக் கேட்டுகினு வா என்று பக்கத்து வீட்டு வச்சலாவிடம், எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாள்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் வருவதுதான் முதல் தரம், கம்பெனிக்காரனுக்கு எண்ணத் தெரியாவிட்டால் நான் என்ன செய்வது. வாத்தியார் சொல்வதே சரி என்றாலும், நீ எழுதப் பயந்ததைத்தானே நான் எழுதியிருக்கிறேன். எப்படிப் பார்த்தாலும் என் மேல் தப்பில்லை. மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டால் மன்னிப்புக் கேட்காதே. கையெழுத்து அப்பாவுடையது, விஷயம் என்னுடையது என்று தலை நிமிர்ந்து சொல். அதற்காக வேலை போனால் போகட்டும், இங்கே உனக்குச் சோறு உண்டு.

திருப்போரூர் முருகன் உன்னைக் காப்பாற்றுவார். நேரத்துக்குச் சாப்பிடு. எது நடந்தாலும் உடனே தந்தி அடிக்கவும், அதை நானே படித்துக்கொள்வேன், வாத்தியாரிடம் காட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் நன்மைக்கே எழுதிய அப்பா,
தேசப்பன்