ஒதுங்காத மருமகள்

மயிலாப்பூர்

அன்புள்ள நிரஞ்சனுக்கு,

அனன்யா எழுதுவது. மஸ்கட்டில் வெயில் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் உங்கள் அம்மாவின் போனுக்குத்தான் கூப்பிடுகிறீர்கள், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க இதையெல்லாம் பேச முடியாது. அதனால்தான் இந்த மெயில்.

உங்கள் தம்பி பரத்வாஜ் கல்யாணத்துக்காகச் சுமங்கலிப் பிரார்த்தனை வைத்தோமே, அன்று மடியாகச் சமைத்துக்கொண்டிருந்தபோதே எனக்கு மாதவிலக்காகித் தூரமாகிவிட்டது. இத்தனை வருஷமா ஒரு விசேஷத்துக்கும் வராம இன்னிக்குன்னு பார்த்தா வரணும் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பின்கட்டு அறையில் தனித் தட்டோடு உட்கார்ந்தேன். வாரக்கணக்கில் நிற்கவே இல்லை. குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் மந்தைவெளி டாக்டரம்மாவிடம் போனோம்.

போன தடவை எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். கோகுலாஷ்டமி கழிஞ்சு ஒரு தரம், அதுக்கு முன்னாடி தை மாசம். எந்தப் பண்டிகைக்கும் எங்காத்து மாட்டுப்பொண்ணு ஒதுங்கினதே இல்லை, பாக்கியசாலி என்றார். பெருமையாகச் சொன்னார், நிரஞ்சன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் கழுத்தின் கருப்பையும் தாடை முடியையும் பார்த்தார். பிசிஓஎஸ் என்கிற சினைப்பைக் கோளாறாக இருக்கலாம், முன்பே காட்டியிருக்க வேண்டும் என்றார். சர்க்கரையும் ஏறியிருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்துக் கிடக்கிறது. அதில் துளி எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். கெட்டது எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் என்றார்.

குண்டாகிவிட்டாய், பூங்காவில் நட என்றீர்கள். குழந்தை இல்லை, அரசமரம் சுற்று என்றார் அம்மா. எனக்கு மாதாமாதம் வராதது உங்கள் இருவருக்கும் தெரியும். எல்லாப் பண்டிகைக்கும் சமைக்க ஆள் இருந்தது, அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரத்தம் நிற்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு நிம்மதி, கல்யாணத்துக்குள் நின்றுவிடும். சோதனையைக் கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை போகிறேன். உங்களிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆனால் பயமாக இருக்கிறது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் அம்மாவின் போனை விட்டுவிட்டு, என் போனுக்குக் கூப்பிடுங்கள்.

உங்கள்,
அனன்யா