கடைசி ஆட்டத்தின் திகதி

12 ஜூன் 2005, ஞாயிறு. ஹம்பேர்க். தூறல்.

இல்லை, இந்தச் செயலாளர் வேலை நானாகக் கேட்டு வாங்கியது அல்ல. போன வருடம் பழைய செயலாளர் வேறு ஊருக்கு மாறிப் போனார். பிழையில்லாமல் ஜெர்மன் எழுதக்கூடியது யார் என்று கூட்டத்தில் கேட்டார்கள். என் சொந்த அண்ணா அருள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். படிப்பது இலக்கியம், எழுதுவது உதைபந்தாட்டக் கழகத்தின் கடிதங்கள்.

மேசையில் சப்பாத்துப் பெட்டி. உள்ளே பதினெட்டு பாஸ். ஆளுக்கொரு மடிப்பு அட்டை: படம், பெயர், பிறந்த திகதி, உதைபந்தாட்டச் சங்கத்தின் முத்திரை.

செய்ய வேண்டியவை:
– யார் இருக்கிறார்கள், யார் போகிறார்கள் என்ற பட்டியல்
– போகிறவர்களிடம் விலகல் படிவத்தில் கையெழுத்து
– பாஸின் பின்பக்கம்: விலகிய திகதி, கடைசி ஆட்டத்தின் திகதி, முத்திரை
– எல்லாம் 30ஆம் திகதிக்குள் சங்கத்துக்குப் பதிவுத் தபாலில். தவறினால் அந்த ஆள் ஆறு மாதம் எங்கும் விளையாட முடியாது
– செமினார் கட்டுரை (இன்னும் ஒரு வரி கூட இல்லை)

பட்டியல் எழுதவில்லை. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாவின் படம் 1993. மீசை, பெரிய காது, சிரிக்கக் கூடாது என்று யாரோ சொன்ன முகம். அம்மாவும் நானும் வந்து சேர்ந்த வருடம். வந்த மூன்றாம் நாள் அண்ணா என்னை மைதானத்துக்குக் கூட்டிப் போனார். புல் இல்லை. சிவப்பாக நொறுங்கிய கல். கிராண்ட் என்று அதற்குப் பெயர். "விழுந்தால் தான் தெரியும்" என்றார்.

எனக்குப் பதினொரு வயது. இடைவேளையில் தோடம்பழப் பாதிகளை நீட்டிக்கொண்டு போனேன். அதுவே இந்த நாட்டில் என் முதல் வேலை. முழங்காலெல்லாம் சிவப்பு, பல்லில் ஆரஞ்சுத் தோல், இத்தனை அண்ணாமார் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். அதற்குப் பிறகு பார்த்த எந்த ஊரும் அவ்வளவு பிரகாசமாக இல்லை.

மழை நிற்கவில்லை. பெட்டியை மூடினேன்.

15 ஜூன், புதன்.

நூலகம். கட்டுரை: இரண்டு வரி. பக்கத்து மேசைப் பத்திரிகையில் யாரோ ஒரு முன்கள வீரருக்கு மூன்று வருட ஒப்பந்தம், கை குலுக்கும் படம். எங்கள் ஒப்பந்தம் அரைத் தாள். கீழே கையெழுத்து, அதற்குக் கீழே அநேகமாக எண்ணெய்க் கறை.

19 ஜூன், ஞாயிறு. நல்ல வெயில்.

மரியதாஸ் அண்ணையின் தோட்டம். கழகத் தலைவர், துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. வாடகைக்கு எடுத்த சிறு தோட்டத்தில் வேலி நெடுகக் கத்தரி வைத்திருக்கிறார். காய்த்ததை இதுவரை யாரும் கண்டதில்லை.

விஷயம் இது. நகரத்தின் இன்னொரு தமிழ் அணி உடைந்துவிட்டது. யார் தலைவர் என்ற சண்டை. மிஞ்சிய ஏழு பேருக்கு இரண்டு கழகங்கள் போட்டி: நாங்களும், எல்பே ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியும். பள்ளிக்கூடத்தில் ஆள் பிரிப்பது போலவே செய்தார்கள். இரண்டு யூரோ நாணயக் குற்றி சுண்டினார்கள். கழுகு விழுந்தது, எங்களுக்கு. முதலில் நாங்கள் ஒருவர், பிறகு அவர்கள் ஒருவர். ஏழு பேரும் காகிதத் தட்டோடு வேலியோரம் நின்று கத்தரியைப் பார்ப்பது போல நடித்தார்கள்.

"உவனை எடாதையுங்கோ, ஆவணியில கலியாணம். பிறகு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில தான் நிப்பான்."

"அப்ப அவங்களுக்கு விடு. அவங்கள் அனுபவிக்கட்டும்."

கடைசியாக எங்களிடம் வந்தவன் கார்த்திக். கோயம்புத்தூர், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. "சண்டே ஓகேண்ணா. வீக்டேஸ் மட்டும் லேப் இருக்கு."

"லேப்பில என்ன தம்பி செய்யிறீர்?" என்றார் மரியதாஸ் அண்ணை.

"மெட்டல் எவ்ளோ அடி தாங்கும்னு டெஸ்ட் பண்றோம்ணா."

"நல்லது. பின்வரிசையில நில்லும்."

நாலு பேர் புதிதாக. ஜேர்சி பதினெட்டு. ஆகவே நாலு பேர் போக வேண்டும். மூன்று பேர் தாங்களாகவே கை தூக்கினார்கள்: ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு ஞாயிறு வேலை, ஒருவர் கனடா போகிறார். நாலாவது ஆள் யார்? போன வருடம் ஆளைப் பார்த்து வெட்டியதில் இரண்டு குடும்பங்கள் இன்னும் கதைப்பதில்லை.

"இந்த முறை ஆளைப் பாக்கிறேல்லை," என்றார் மரியதாஸ் அண்ணை. "வயசு. ஆர் கூட வயசோ அவர் அல்ட்ட ஹெரனுக்குப் போகட்டும். பிள்ளை, நீ பாஸைப் பாத்து வாசி."

அல்ட்ட ஹெரன்: பக்கத்து ஜெர்மன் கழகத்தின் மூத்தவர் அணி. முப்பத்திரண்டு ஆனவர்களுக்கு.

வாசித்தேன். 1.1.77. 1.1.79. 1.1.75. "ஒரே நாளில இவ்வளவு பேரெண்டால் ஆஸ்பத்திரியில கட்டில் காணாதே!" என்று ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். வருடா வருடம் அதே பகிடி, அதே சிரிப்பு. அருள்: 1.1.74. ரூபன்: 1.1.69.

ரூபன் அண்ணா அடுப்பில் கோழிக்கால் வாட்டிக்கொண்டிருந்தார். "ஓம், சரி," என்றார். ஒரு காலைத் திருப்பிப் போட்டார்.

அண்ணா போத்தலின் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் பாஸ்களைப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

20 ஜூன், திங்கள்.

எனக்காக மட்டும், ஒழுங்காக எழுதி வைக்க:

1989. அண்ணாவும் ரூபன் அண்ணாவும் ஒரே விமானம். அகதிகளுக்கான ஹைமில் ஒரே அறை. அண்ணாவுக்குப் பதினெட்டு. கேட்ட அதிகாரியிடம் பதினைந்து என்றார்; நாள் தெரியாதவர்களுக்குப் போடும் ஜனவரி ஒன்றையே போட்டார்கள். ரூபன் அண்ணாவுக்கு உண்மையிலேயே பதினைந்து. அவர் கையில் இருந்த கடவுச்சீட்டில் இருபது. அதில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும் என்று ஏஜென்சிக்காரன் சொல்லி அனுப்பியிருந்தான். அப்படியே சொன்னார்.

அண்ணாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மொழி, பிறகு தொழிற்பயிற்சி, இப்போது மின்சார வேலை. ரூபன் அண்ணா வளர்ந்த ஆள் என்று எழுதப்பட்டவர். அவரை எங்கும் அனுப்பவில்லை. வேலை செய்ய அனுமதி கிடைத்த நாள் முதல் சமையலறை.

ஹைமின் பின்புறப் புல்லில் தொடங்கியது தான் இந்த அணி.

இப்போது பாஸில் அண்ணாவுக்கு முப்பத்தொன்று, ரூபன் அண்ணாவுக்கு முப்பத்தாறு. உண்மையில் அண்ணாவுக்கு இந்த வெள்ளி முப்பத்துநாலு. ரூபன் அண்ணாவுக்குத் தான் முப்பத்தொன்று. தோட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். வாய் திறக்க யாராலும் முடியாது. ஒருவரின் வயதைத் தொட்டால் எல்லாருடைய தாள்களும் ஆடும். அதோடு அண்ணாவின் குடியுரிமை விண்ணப்பமும் அலுவலகத்தில் கிடக்கிறது.

சத்தமாகப் படித்தது நான்.

24 ஜூன், வெள்ளி. ஸ்நாபக அருளப்பர் திருநாள். புழுக்கம்.

அண்ணாவின் உண்மையான பிறந்தநாள். திருநாளில் பிறந்ததால் தான் அந்தப் பெயர். அம்மா கேக் அடித்தார். எண் வடிவில் இரண்டு மெழுகுதிரி: மூன்று, நாலு. வெளியார் கிடையாது. வெளியார் வாழ்த்துவது ஜனவரி முதலாம் திகதி. ரூபன் அண்ணா மட்டும் ஒவ்வொரு வருடமும் இன்றைக்கு வருவார். சமையலறையிலிருந்து நேரே வருவதால் உள்ளி மணக்கும். அண்ணாவின் முதுகில் தட்டி, "கிழவா" என்பார்.

இன்று வரவில்லை.

"ரூபன் எங்கை?" என்று அம்மா.

"வேலையாம்."

"ஒரு துண்டு வெட்டி வைக்கிறன். கொண்டு போய்க் குடு." பிறகு, "கலியாணத் தரகரிட்ட முப்பத்திரண்டு எண்டு சொல்லியிருக்கிறன். கேட்டால் மாறிச் சொல்லிப்போடாதை."

"எத்தனை வயசு தானம்மா எனக்கு?"

அம்மா சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை. திரியை ஊதிவிட்டு அந்த நாலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேக் சாப்பிடவில்லை. வெட்டி வைத்த துண்டைக் கொண்டு போகவுமில்லை. அது குளிர்பெட்டியில்.

27 ஜூன், திங்கள். பின்னேரம் மூன்று மணி.

ரூபன் அண்ணா வேலை செய்யும் இத்தாலிய உணவகம். மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் ஓய்வு நேரம். பின்வாசல் படியில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். கேக் துண்டை நான் கொண்டு போனேன்.

"முப்பத்துநாலோ கிழவனுக்கு?" என்றார். வாங்கி உடனே சாப்பிட்டார். கையைத் துடைத்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். வாசிக்கவில்லை.

"கோபமோ அண்ணா?" என்றேன்.

"என்னத்துக்கு? பதினைஞ்சில எனக்கு இருபது. முப்பத்தொண்டில முப்பத்தாறு. பென்ஷனும் அஞ்சு வருசம் முந்தி வரும். உன்ர அண்ணா அப்பவும் வேலைக்குத் தான் போவார், பாத்துக்கொண்டிரு."

பிறகு: "கடைசி ஆட்டம் எண்டு எந்தத் திகதி போடுறாய்?"

"மே 22."

"அண்டைக்கு நான் வரேல்லை. இஞ்சை ஆளில்லை எண்டு மறிச்சுப்போட்டாங்கள். என்ர இடத்தில கொண்ணா அருள் தான் விளையாடினவர்."

கழகக் கொப்பியைப் புரட்டினேன். அப்படியானால் மே 8. மழை, 1–2.

"ஐயோ, அது நான் எங்கட கோலுக்குள்ளயே அடிச்ச நாள். அதுக்கு முந்தினது ஒண்டைப் போடேலாதோ?"

"ஏலாது அண்ணா. நடுவரின்ர அறிக்கையில இருக்கு."

"ஓம். தாளில இருந்தால் இருந்தது தான்."

உள்ளி உரிப்பதைத் தொடர்ந்தார். நான் போகும்போது சொன்னார்: "அந்த முந்தினது நல்ல ஆட்டம், பிள்ளை. நீயும் நிண்டனீ. கொண்ணா குடுத்த பந்தை நான் எடுத்துக்கொண்டு இடதுபக்கம் முழுக்க ஓடினன்."

நின்றேன் தான். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. ஓடி முடித்துவிட்டு இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். 1993இலும் அப்படித்தான் நின்றார்கள். அன்றைக்கு நான் நீட்டிய தோடம்பழப் பாதியை இருவரும் பிய்த்து எடுத்தார்கள்.

எஸ்-பான் ரயிலில் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். இன்னும் உள்ளி மணக்கிறது.

28 ஜூன், செவ்வாய்.

மூன்று பாஸ் தயார். நாலாவதின் பின்பக்கம் வெறுமை. பேனாவை எடுத்தேன், வைத்தேன். அம்மாவின் கண்ணாடி உடைந்தது. ஒட்டிக் கொடுத்தேன்.

29 ஜூன், புதன். காற்று.

வேலையால் வந்ததும் அண்ணா என் மேசையில் ஒரு தாளை வைத்தார். விலகல் படிவம். தானே நிரப்பியது. அவர் எழுத்து, இங்கத்தைய பள்ளிக்கூடத்தில் பழகிய சாய்ந்த ஒழுங்கான எழுத்து. கையெழுத்தும் இருந்தது.

"ரூபன்ர பாஸ் பெட்டிக்குள்ள கிடக்கட்டும். என்ரையை அனுப்பு."

"கேப்பினமே. என்ன சொல்லுறது?"

"முழங்கால்."

"அண்ணா, உங்களுக்கு அல்ட்ட ஹெரனில இடம் தரமாட்டினம். பாஸில முப்பத்தொண்டு."

"தெரியும். ஜனவரியில முப்பத்திரண்டு. இப்ப விலகினால் தான் அப்ப அங்கை சேரலாம்."

"அதுவரைக்கும்?"

கதவோரம் நின்றார். மீசை எப்போதோ போய்விட்டது. காதுகள் அதே காதுகள்.

"உன்னோட நிண்டு தோடம்பழம் வெட்டுறன்."

ரூபன் அண்ணாவுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு அவன்ர ஜேர்சியை நானே கொண்டு போய்க் குடுக்கிறன். விளங்கும்." பதினாறு வருடத்தில் அவர்கள் இதைப் பற்றி ஒரு தரமாவது கதைத்திருப்பார்களா? கேட்கவில்லை.

மரியதாஸ் அண்ணைக்குத் தொலைபேசி.

"அருளோ? என்னவாம்?"

"முழங்கால் அண்ணை."

"எந்த முழங்கால்?"

யோசிக்கவில்லை. "இடது."

அந்தப் பக்கம் வானொலியைக் குறைத்தார்.

"ஓமோம். இடது தான். நானும் கவனிச்சனான்." பிறகு, "ரூபனுக்கு முப்பத்தாறு எண்டாலும் நல்லா ஓடுறான், என்ன?"

"ஓம் அண்ணை."

"சரி பிள்ளை. நாளைக்குக் கடைசி நாள். மறந்துபோடாதை."

30 ஜூன், வியாழன். வெயிலும் மேகமும்.

அண்ணாவின் பாஸ். விலகிய திகதி: 30.6.2005. புதிய கழகம்: கோடு. கடைசி ஆட்டம்: 22.5.2005. அண்ணா ரூபன் அண்ணாவின் இடத்தில் ஆடிய ஆட்டம். முத்திரை குத்தினேன், கொஞ்சம் சரிந்துவிட்டது. படத்தை இன்னொரு முறை பார்த்தேன். இருபத்திரண்டு வயது, தாளில் பத்தொன்பது.

ரூபன் அண்ணாவின் படிவத்தை நாலாகக் கிழித்தேன்.

தபாலகம். பதிவுத் தபால், நாலு பாஸ். பற்றுச்சீட்டைச் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்தேன். திரும்பும் வழியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தமிழ்க் கடையில் பதினெட்டுத் தோடம்பழமும் இன்னொரு கத்தியும் வாங்கினேன்.